கைலாசம் போறவுக கொஞ்சம் நின்னு படிச்சுட்டுப் போங்க: மானசரோவர்ல எங்க அப்பச்சிக்கு வந்த மூச்சுமுட்டல்

#1 தேவகோட்டைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருஷமா எழுதணும்னு நெனச்சு கை வராம விட்டது இது. 2025ல கைலாச யாத்திரையைத் திரும்பத் தொறந்துட்டாங்க, போன வாரம் ஒரு சாந்திக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தப்ப பந்தியில எனக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருந்தவுக ரெண்டு பேருமே பணம் கட்டியாச்சுன்னாக, ஒருத்தருக்கு 68 வயசு, அதுக்கு மேலயும் வாயை மூடிக்கிட்டு இருந்தா தப்புன்னு பட்டுச்சு, அதான் எழுதுறேன்.

2019 ஆனி மாசம். எங்க அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அப்ப 64. அறுபதாம் கல்யாணம் முடிஞ்ச நாள்லேர்ந்து கைலாசம் கைலாசம்னு அதே நெனப்பு. சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது, வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்தே போறவுக, எக்கோ டிரெட்மில் எல்லாம் பாத்து சர்டிபிகேட்டும் வாங்கியாச்சு. வீட்டுல யாருக்கும் பயமே இல்ல. தொணைக்கு நான் போனேன்.

நாங்க போனது நேபாளம் வழி. லக்னோவுலேர்ந்து ரோட்டுல நேபாள்கஞ்ச், அங்கேர்ந்து குட்டி பிளேன்ல சிமிகோட், அப்புறம் ஹெலிகாப்டர்ல ஹில்சா, பாலத்தத் தாண்டுனா சீனா பக்கம், பஸ் ஏறி தக்லாகோட். குடுத்த அட்டவணையில சிமிகோட்டுல ஒரு ராத்திரி, தக்லாகோட்டுல ரெண்டு ராத்திரி தங்கல்னு போட்டிருந்துச்சு. மேகமூட்டத்துல பிளேன் கெளம்பாம நேபாள்கஞ்சுலயே ரெண்டு நாள் போயிருச்சு, அந்த ரெண்டு நாளை எதுல கழிச்சாங்கன்னா அந்தத் தங்கல்லதான் கழிச்சாங்க. காலையில 150 மீட்டர்ல பலகாரம் சாப்பிட்டவுக சாயங்காலம் 3,900 மீட்டர்ல நிக்கிறோம். அடிக் கணக்குல பன்னெண்டாயிரத்து எழுநூறுக்கு மேல. ஒடம்பு பழகாம இவ்வளவு ஒசரம் ஏறுறது எவ்வளவு பெரிய தப்புன்னு எனக்கு அப்பத் தெரியாது, கூட்டிட்டுப் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அன்னைக்கு ராத்திரியே அப்பச்சிக்கு மண்டையப் பொளக்குற வலி. பித்தம் தலைக்கேறிருச்சுன்னு சொல்லி சுக்குத்தண்ணி கேட்டாக. கூட வந்த சமையல்காரர் தயிர்சோறும் ஊறுகாயும் குடுத்தா ஒரு வாய்க்கு மேல எறங்கல. ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தாக. காலையில வழிகாட்டி வந்து யாருக்காச்சும் தலைவலி வாந்தி இருக்கான்னு கேட்டாரு. அப்பச்சி என் கையப் புடிச்சு அமுத்துனாக. இங்கனயே விட்டுட்டுப் போயிருவாங்களோன்னு பயம். நானும் பேசாம இருந்துட்டேன். அந்த அமுத்து இன்னும் என் கையில இருக்கு.

மறுநாள் மானசரோவர், 4,590 மீட்டர். ஏரிக்கரையில மண் ரூம்ல படுக்கை. ராத்திரி 11 மணி இருக்கும், வறட்டு இருமல்னு ஆரம்பிச்சது, படுத்தா மூச்சு முட்டுதுன்னு எந்திரிச்சு சுவத்துல சாஞ்சு உக்காந்தாக. எந்த வேலையும் செய்யாம சும்மா உக்காந்திருக்கிறவுகளுக்கு நாலு மாடி ஏறுன மாதிரி மூச்சு வாங்குது. டார்ச் அடிச்சுப் பாத்தா உதடு நாவப்பழம் தின்ன மாதிரி நீலம் பாரிச்சு இருக்கு. முதுகுல காது வச்சேன், சோறு கொதிக்கயில தட்டு தளதளக்குமே அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்குது. ஆக்சிமீட்டர்ல 58.

கூட்டிட்டுப் போன ஆளு இங்க எல்லாருக்கும் எழுபத்தஞ்சு எம்பதுதான் சார், கை சில்லுனு இருக்கு அதான் கொறச்சுக் காட்டுது, விடியட்டும் பாக்கலாம்னாரு. எங்க குரூப்புல சிவகங்கைப் பக்கத்து நர்ஸ் அக்கா ஒருத்தங்க இருந்தாங்க, அவுக வந்து ஒரு நிமிஷம் பாத்துட்டு, தம்பி இது விடியிறவரைக்கும் தாங்காது, இப்பவே கீழ எறக்கு, நீ கத்தலைன்னா நான் கத்துவேன்னாங்க. அவங்க கத்தினதாலதான் எங்க அப்பச்சி இன்னைக்கு இருக்காக. ரெண்டு மணிக்கு ஜீப், மடியில சிலிண்டர், தக்லாகோட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வச்சு மாத்திரை குடுத்தாங்க. காலையில ஒம்போது மணிக்குக் கஞ்சி கேட்டாக.

யாராச்சும் போறதா இருந்தா இதுல என்ன சந்தேகம்னாலும் கேளுங்க. தெரிஞ்சவுக வெவரம் சொல்லுங்க.

#2 கானாடுகாத்தான்ஆச்சி

தம்பி படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு படபடன்னு ஆயிருச்சு. அந்த நர்ஸ் பொண்ணு நல்லாயிருக்கணும். நானும் எங்க வீட்டு அய்யாவும் ஐப்பசியில நேபாளத்துல இருக்குற முக்திநாத் போறதா இருக்கோம், கைலாசம் இல்ல. அங்கயும் இப்பிடி வருமா? எனக்கு சுகர் இருக்கு, அவுகளுக்கு பிரஷர் மாத்திரை ஓடுது. கொடைக்கானல்ல மக வீட்டுக்கு அடிக்கடி போறோமே, ஒண்ணும் ஆனதில்லையேன்னு அவுக சொல்றாக.

#3 சிக்ரி_ரிட்டயர்ட்

ஆச்சி, கொடைக்கானல் 2,100 மீட்டர் சொச்சம். நம்ம தொட்டபெட்டா 2,637, தெக்க எல்லாத்துக்கும் ஒசரமான ஆனைமுடியே 2,695. ஒசரத்துல வர்ற இந்த மலைவியாதி பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலதான் வேலையக் காட்டும். அதனால தமிழ்நாட்டுக்குள்ளயே சுத்துனவங்களுக்கு தனக்கு இது வருமா வராதான்னு தெரிய வழியே இல்ல. நாம காரைக்குடியில கடல் மட்டத்துலேர்ந்து நூறு மீட்டர்கூட இல்லாத எடத்துல பொறந்து வளந்தவங்க.

நெறைய பேரு மேல போனா காத்துல ஆக்சிஜன் இருக்காதுன்னு நெனைக்கிறாங்க. அப்படி இல்ல. இங்கயும் 21 சதம் அங்கயும் 21 சதம்தான். கொறையிறது காத்தோட அழுத்தம். கடற்கரையில 760 மில்லிமீட்டர் பாதரசம்னா மானசரோவர்ல 430, 440தான் இருக்கும், 5,500 மீட்டர்ல பாதியாயிரும். மூச்சு இழுக்குற அளவு அதேதான், ஆனா அந்த ஒரு இழுப்புல உள்ள வர்ற ஆக்சிஜன் கொறச்சல். இதை நான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டதை விட கண்ணால பாத்ததுதான் மனசுல நிக்குது. லடாக்ல இருக்குற லேவுல வேலை பாத்த மகனைப் பாக்கப் போறப்ப வீட்டம்மா காரைக்குடியில கடையில பேக் பண்ண தேன்குழலும் சீப்புச்சீடையும் எடுத்துட்டு வந்தாங்க. லே ஏர்போர்ட்ல எறங்கி ரூமுக்குப் போய் பையைத் தொறந்தா பாக்கெட் அத்தனையும் பலூன் மாதிரி உப்பி, தட்டுனா டம் டம்முனு சத்தம். உள்ள இருக்குறது காரைக்குடிக் காத்து, வெளிய இருக்குறது லே காத்து. அதைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன், நம்ம ஒடம்பும் இந்தக் கொறஞ்ச அழுத்தத்துலதானே நிக்குதுன்னு.

இன்னொண்ணு, மேல தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும் ஆனா சூடு இருக்காது, மானசரோவர் ஒசரத்துல 85 டிகிரி பக்கத்துலயே கொதிக்கும். அதான் குக்கர் இல்லாம அரிசி வேகாது, பருப்பைப் பத்திக் கேக்கவே வேணாம்.

#4 பாதயாத்திரை_சாமி

தேவகோட்டைத் தம்பி அப்பச்சி நல்லபடியா வந்தது சந்தோஷம். ஆனா இப்படி எழுதி எல்லாரையும் பயமுறுத்த வேணாம்னு நெனைக்கிறேன். நான் 23 வருஷமா காவடியோட பழனி நடக்குறேன், 2016ல கைலாசம் போய் பரிக்கிரமா, அதான் மலையச் சுத்தி வர்றது, மூணு நாளும் நடந்து முடிச்சேன், அந்த வழியில இருக்குற டோல்மா கணவாயும் ஏறி எறங்குனேன், ஒரு தலைவலி கூட இல்ல. பச்சைக் கற்பூரத்தை துணியில முடிஞ்சு மோந்துகிட்டே போனேன், தெனம் நாலு பூண்டு. ஒடம்பு நடந்து பழகியிருந்தா, மனசுல பக்தி இருந்தா ஒண்ணும் வராது. வர்றவங்களுக்கு ஏற்கனவே உள்ள ஏதோ கோளாறு இருக்கும்.

#5 புல்லட்_காரைக்குடி

சாமி அண்ணே மன்னிச்சுக்கங்க, நீங்க சொல்றத நானும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன், 2022ல ஜூலைல மணாலிலேர்ந்து லேவுக்கு நாங்க அஞ்சு பேரு பைக்ல போனோம், அதுல ஒருத்தன் எங்க எல்லாரையும் விட ஒடம்புல ஸ்ட்ராங், தெனம் ஜிம், மாரத்தான் ஓடுறவன், அவனுக்குத்தான் வந்துச்சு. சர்ச்சுன்னு ஒரு எடம், 4,290 மீட்டர்ல டென்ட்டு, அதுக்கு முந்தி பாரலாச்சா கணவாய் தாண்டித்தான் வரணும். மணாலியே 2,000 மீட்டர்தான், நடுவுல ஒரு ராத்திரிதான் தங்குனோம், சின்னப் பசங்கதானேன்னு ஒரு திமிரு. சாயங்காலம் தலைவலிக்குதுன்னான், ராத்திரி வாந்தி எடுத்தான், காலையில எந்திரிச்சவன் ஷூ லேஸ் கட்ட முடியாம பத்து நிமிஷம் அதையே பாத்துகிட்டு உக்காந்திருக்கான், பேரைச் சொல்லிக் கூப்ட்டா தாமசமா திரும்புறான், வெளிய நடந்தா குடிச்சவன் மாதிரி ஒரு பக்கமா இழுக்குது. நாங்க என்ன பண்ணோம் தெரியுமா, ராத்திரி திருட்டுத்தனமா குடிச்சிட்டியாடான்னு திட்டுனோம். அந்த வார்த்தைய இப்ப நெனச்சாலும் எனக்கு வயித்தக் கலக்குது. அவன் குடிக்கவே மாட்டான்.

டென்ட்காரரு பாத்துட்டு ஓடிப்போய் ராணுவ கேம்ப்ல சொல்லி, அங்க ஒரு ஊசி போட்டு ஆக்சிஜன் குடுத்து உடனே எறக்குங்கன்னு சொல்லிட்டாங்க. கீழ எறங்கணும்னா திரும்ப அந்தப் பாரலாச்சாவ ஏறித்தான் எறங்கணும், வேற வழி கெடையாது. ஒரு வண்டி புடிச்சு ஆக்சிஜனோட கூட்டிட்டுப் போய் கேலாங் வந்து சேர்ந்தோம், 3,100 மீட்டர் இருக்கும். எறங்க எறங்க அவன் பேச்சு தெளியுது அண்ணே, பின்சீட்ல அவன் தலைய மடியில வச்சுகிட்டு நான் வாய்ப்பாடு கேட்டுகிட்டே வந்தேன், மேல இருக்கையில ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பு தப்பா சொன்னவன் கேலாங் கிட்ட வரும்போது சரியா சொல்றான். நான் அழுதுட்டேன்.

#6 டாக்டர்_லேபோஸ்டிங்

இந்த இழைய நேத்துதான் பாத்தேன். நான் ராணுவத்துல டாக்டரா இருந்து லே பக்கம் ரெண்டு வருஷம் வேலை பாத்தவன், இப்ப நம்ம ஊர்ப் பக்கம்தான் இருக்கேன். ரெண்டு பேரு சொன்னதும் ரெண்டு வேற வியாதி, ரெண்டுமே உயிர் போறது.

மொதல்ல வர்றது சாதாரண மலைவியாதி. ஒசரத்துக்குப் போய் ஆறு மணி நேரத்துலேர்ந்து பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கும். தலைவலி, அதோட பசியில்லாம போறது, குமட்டல், அசதி, தலைசுத்தல். பித்தம், பஸ்ல வந்த அலுப்பு, சாப்பாடு ஒத்துக்கல, குளிர் அடிச்சிருச்சு, நம்ம ஆளுங்க இதுக்கு சொல்ற பேரு இதெல்லாம்தான். இந்த ஒசரத்துல வர்ற தலைவலிய வேற காரணம் நிச்சயமா தெரியிறவரைக்கும் மலைவியாதின்னுதான் எடுத்துக்கணும். அப்ப செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அதே எடத்துல தங்கணும், சரியாகுறவரைக்கும் மேல ஒரு அடி போகக்கூடாது. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானா சரியாயிரும். தேவகோட்டைத் தம்பி அப்பச்சி தக்லாகோட்டுலயே தங்கியிருந்தா அவுக தாமசமானாலும் நடந்தே மலையச் சுத்தி வந்திருக்க வாய்ப்பு உண்டு.

அதை மீறி மேல போனா ரெண்டுல ஒண்ணு நடக்கலாம். மூளையில வீக்கம், அது புல்லட் தம்பியோட கூட்டாளிக்கு வந்தது. தள்ளாட்டம்தான் அதுக்கு அடையாளம். நம்ம வீட்டு வளவுல தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு ரெண்டு சேருற கோடு இருக்குல்ல, அந்தக் கோட்டு மேல குதிகாலும் பெருவிரலும் ஒட்டுற மாதிரி அடிமேல அடி வச்சு நடக்கச் சொன்னா எப்படி இருக்கும், அதே மாதிரி தரையில ஒரு கோடு கிழிச்சு நடக்கச் சொல்லுங்க. சாயறாங்கன்னா, பேச்சு கொளறுதுன்னா, காத்திருக்க நேரமே கெடையாது. அங்க போட்ட ஊசி டெக்ஸாமெத்தசோனா இருக்கும், அது எறங்குறதுக்கு நேரம் வாங்கிக் குடுக்கும், எறங்குறதுக்குப் பதிலாயிராது.

இன்னொண்ணு நுரையீரல்ல நீர் கோக்குறது. அப்பச்சிக்கு வந்தது. ஆக்சிஜன் கொறஞ்சதும் நுரையீரல் ரத்தக்குழாய் சுருங்குது, எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி சுருங்காம அங்கங்க சுருங்குது, சுருங்காத பக்கம் அழுத்தம் தாங்காம ரத்தத்துலேர்ந்து நீர் கசிஞ்சு மூச்சுப்பைக்குள்ள எறங்குது. ஒசரத்துக்குப் போன ரெண்டாவது ராத்திரிதான் இது வர்றது ஜாஸ்தி, அவுகளுக்கும் அதேதான் பாருங்க. தலைவலியே இல்லாமலும் வரும். சும்மா உக்காந்திருக்கையில மூச்சு வாங்குறது, வறட்டு இருமல், அப்புறம் நுரையா சில சமயம் ரோஸ் கலர்ல சளி. முன்னாடி இதை நிமோனியான்னே நெனச்சாங்க. 1960ல சார்லஸ் ஹூஸ்டன்னு அமெரிக்க டாக்டர் இது நிமோனியாவும் இல்ல ஹார்ட் ஃபெயிலியரும் இல்ல, தனி வியாதின்னு எழுதுனாரு. நம்ம நாட்டுல 1962 சீனப் போர்ல சமவெளியிலேர்ந்து ஜவான்களை அவசரமா மேல கொண்டுபோய் எறக்குனப்ப கொத்துக்கொத்தா விழுந்தாங்க, இந்தர் சிங்குன்னு ராணுவ டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் 1,925 ஜவான்களை வச்சு 1969ல எழுதுன கட்டுரைய உலகம் பூரா இன்னும் படிக்கிறாங்க. அந்த ஜவான்கள் பெரும்பாலும் வாலிபப் பசங்க, தெனம் ஓடிப் பழகுன ஒடம்பு. சாமி அண்ணன் கவனிக்கணும், நடந்து பழகுன காலுக்கும் இந்த வியாதிக்கும் சம்பந்தம் இல்ல. இன்னும் சொன்னா பலசாலிங்கதான் வேகமா ஏறி மாட்டிக்கிறாங்க. யாருக்கு வரும்னு முன்கூட்டி சொல்ற டெஸ்டும் இல்ல, எக்கோவும் டிரெட்மில்லும் இருதயத்தப் பாக்குறது, அது வேற. முன்னாடி ஒருதரம் வந்தவங்களுக்கு திரும்ப வர வாய்ப்பு அதிகம், அதுதான் ஓரளவுக்கு நம்பக்கூடிய அடையாளம்.

கற்பூரம் மோந்தா மூக்குல சில்லுன்னு காத்து நல்லா போற மாதிரி தோணும், ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாது. கொழந்தைங்க கையில அது கெடைக்கவே கூடாது, முழுங்குனா வலிப்பு வரும். பூண்டு சாப்பிடுங்க, வேணாங்கல, ஆனா அதை மருந்துன்னு நம்பாதீங்க.

ராணுவத்துல இப்ப என்ன கணக்குன்னா, 2,700 மீட்டருக்கு மேல போனதும் மொதக் கட்டமா ஆறு நாள் பழக்கம், 3,600 தாண்டுனா இன்னொரு நாலு நாள், 4,500க்கு மேல இன்னும் நாலு நாள். பதினாலு நாள் பழகி அனுப்புறோம் இருவது வயசுப் பையனை. அறுபத்துநாலு வயசுக்காரரை ஒன்றரை நாள்ல அதே ஒசரத்துக்குக் கொண்டுபோயிருக்காங்க.

#7 பாதயாத்திரை_சாமி

டாக்டர் சொல்றதுக்கு மரியாதை குடுக்குறேன். கற்பூரம் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா மலைவியாதி வராம இருக்கப் போடுற டயமாக்ஸ் மாத்திரைய போட்டா கிட்னி போயிரும், விரல் மரத்துப் போகும்னு எங்க குரூப்புல சொன்னாங்க, அதனால யாரும் போடல. இன்னொண்ணும் மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அப்பர் சாமிகள் கைலாசத்துக்குப் போனப்ப கால் தேஞ்சு கை தேஞ்சு மார்பால ஊர்ந்து உருண்டு போனாங்க, இந்த ஒடம்போட திரும்ப மாட்டேன்னு சொன்னவங்க. அந்த மண்ணுல போற உயிருக்கு மறுபிறவி உண்டா? பாதியில திரும்புறது பெரிய குறைதான்.

#8 தேவகோட்டைக்காரன்

அண்ணே இதைத்தான் எங்க ஊருலயும் சொன்னாக. நேரா சொல்லல, சொல்லாம சொன்னாக. தரிசனம் ஆச்சான்னு கேப்பாக, ஏரி வரைக்கும் போனோம்னு சொன்னா, அடடா அங்க வரைக்கும் போயிமான்னு ஒரு இழுப்பு. நாங்க போன அன்னைக்கு மேகம் மூடி கைலாசம் கண்ணுக்கே தட்டுப்படல. ஊருக்கு வந்து ஒரு மாசம் அப்பச்சி முகப்புக்கு வரல. முன்னாடி எல்லாம் சாயங்காலம் ஆனா முகப்புத் திண்ணையில உக்காந்து போறவாறவுககிட்ட எல்லாம் பேசுறவுக. அந்த ஒரு மாசம் வீட்டுக்கு உள்ள ரெண்டாங்கட்டுலயே சேரைப் போட்டு உக்காந்திருந்தாக. ஆத்தா சோறு கொண்டுபோய் குடுப்பாக. அந்த வியாதி ஏழு மணி நேரத்துல எறங்கிருச்சு, இது எறங்க மாட்டேங்குது.

அந்த மண்ணுல உயிர் போறதப் பத்தி எழுதியிருக்கீங்க. அந்த ராத்திரி நான் அவுக முதுகைத் தாங்கிப் புடிச்சுகிட்டு உக்காந்திருந்தேன். அவுக என்கிட்ட கேட்டது மோட்சம் இல்ல அண்ணே. ஆத்தாவுக்கு ஃபோன் போட முடியுமான்னு கேட்டாக.

#9 ஓதுவார்_வீட்டுப்பேரன்

ரெண்டு நாளா எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். எங்க தாத்தா தேவாரம் ஓதுனவங்க, இந்தச் சரித்திரத்தை எத்தனையோ தடவ அவங்க சொல்லக் கேட்டிருக்கேன். சாமி அண்ணன் பாதிக் கதையோட நிறுத்திட்டாங்க.

அப்பர் திரும்ப மாட்டேன்னு சொன்னது உண்மை. ஆனா அவரைத் திருப்பி அனுப்புனது யாரு? சாட்சாத் சுவாமிதான். முனிவர் வேஷத்துல எதிர்ல வந்து இந்த மனுஷ ஒடம்புக்கு இந்த மலை ஆகாது, திரும்பிப் போன்னு சொன்னாரு. அவரு கேக்கல. அதுக்கப்புறம் சுவாமி அவரை அங்கயே சாக விடல, மேலயும் ஏத்தி விடல. ஒரு பொய்கையில முழுகு, திருவையாத்துல காட்சி குடுக்குறேன்னு சொல்லி எறக்கி அனுப்புனாரு. பனிமலையிலேர்ந்து காவிரிக்கரைக்கு. தாத்தா இந்த எடத்துல கொஞ்ச நேரம் பேசாம நிறுத்துவாங்க. அப்புறம் சொல்வாங்க, எந்திரிச்சுப் பாத்தா யானை சோடி சோடியா வருது, கோழி சோடி, மயில் சோடி, எல்லாத்துலயும் அம்மையப்பனைக் கண்டாரு, கைலாசம் அங்கயே இருந்துச்சுன்னு. ஆடி அமாவாசைக்கு ஐயாறப்பர் கோயில்ல இன்னைக்கும் அப்பர் கயிலைக் காட்சி நடக்குது.

தேவகோட்டை அண்ணே, அந்த நர்ஸ் அக்கா ரூபத்துல எறங்குன்னு சொன்னது யாருன்னு நெனைக்கிறீங்க? அப்பச்சிகிட்ட இதைச் சொல்லுங்க. அப்பருக்குக் கெடைச்ச மரியாதைதான் அவங்களுக்கும் கெடைச்சிருக்கு.

#10 டாக்டர்_லேபோஸ்டிங்

பேரன் எழுதுனதுக்கு அப்புறம் மாத்திரையப் பத்தி எழுத ஒரு மாதிரி இருக்கு, ஆனாலும் சாமி அண்ணன் கேட்டது நெறைய பேருக்கு இருக்குற பயம், சொல்லிடுறேன்.

மேல போனதும் ஒடம்பு தானா வேகமா மூச்சு விடும். வேகமா விட்டா கார்பன் டை ஆக்சைடு ஜாஸ்தியா வெளியேறி ரத்தம் காரத் தன்மைக்குப் போகும், அப்ப மூளை மூச்சைக் கொறைன்னு பிரேக் போடும். முக்கியமா தூக்கத்துல. மூச்சு அப்பப்ப நின்னு நின்னு வரும், பக்கத்துல படுத்திருக்கிறவுக பயந்துருவாக. கிட்னி அந்தக் காரத்தை மெதுவா ஒண்ணுக்கு வழியா வெளியேத்தும், அதுக்கு சில நாள் ஆகும். டயமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு, கிட்னி செய்யிற அந்த வேலையத்தான் சீக்கிரம் செய்ய வைக்குது. கிட்னிய அது அழிக்கல. ஏற்கனவே கிட்னிக் கோளாறு இருக்குறவங்க, சல்ஃபா மருந்து அலர்ஜி இருக்குறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம போடக்கூடாது, மத்தவங்களும் டாக்டரைக் கேட்டுத்தான் போடணும். வழக்கமா 125 மில்லிகிராம் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏறுறதுக்கு மொத நாள்லேர்ந்து. விரல் நுனி உதடு எல்லாம் ஊர்ற மாதிரி இருக்கும், ஒண்ணுக்கு அடிக்கடி வரும், கோலி சோடா குடிச்சா சப்புன்னு இருக்கும். நிறுத்துனா போயிரும். ஆனா மாத்திரை போட்டாச்சுன்னு ஒரே பகல்ல 150லேர்ந்து 3,900க்கு ஏறலாம்னு யாரும் நெனைக்க வேணாம்.

தூக்க மாத்திரையும் சாராயமும் அங்க வெஷம், ரெண்டுமே மூச்சை அமுக்கும். சின்ன டப்பா ஆக்சிஜன் விக்கிறாங்கல்ல, அது சில நிமிஷத்துல தீந்துரும், எறங்குற வழியில உதவுறது சிலிண்டர்தான், அது உங்க குரூப் வண்டியில நெசமாவே நெறஞ்சு இருக்கான்னு கெளம்புறதுக்கு முன்னாடி தொறந்து பாருங்க.

ஆக்சிமீட்டரப் பத்தி ஒரு வார்த்தை. கொரோனா காலத்துல 94க்கு கீழ போனா ஆஸ்பத்திரின்னு எல்லாருக்கும் மனசுல பதிஞ்சிருக்கு. மானசரோவர்ல நல்லா இருக்குற ஆளுக்கே எண்பது சொச்சம், அதுக்குக் கீழயும் காட்டும். அந்த ஆளு சொன்னது அந்தளவுக்கு சரி. ஆனா எல்லாருக்கும் 80 இருக்கையில ஒருத்தருக்கு மட்டும் 58ன்னா, அதோட மூச்சும் வாங்குதுன்னா அதை விடியட்டும்னு தள்ளிப் போடப் பாத்தது பெரிய தப்பு. கை சில்லுனு இருந்தா கம்பளியில சூடு பண்ணிட்டு, நெயில் பாலிஷ் இருந்தா அழிச்சிட்டு திரும்ப வச்சுப் பாக்கலாம். நம்பரை விட ஆளைப் பாருங்க.

ஆச்சி, முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல. பொக்கராவுலேர்ந்து பிளேன்ல ஜோம்சோம் போவாங்க, அது 2,700 சொச்சம். அங்க ஒரு ராத்திரி, முடிஞ்சா ரெண்டு ராத்திரி தூங்கிட்டு, காலையில ஜீப்புல மேல போய் தரிசனம் பண்ணிட்டு அன்னைக்கே எறங்கி ஜோம்சோம்ல படுங்க. ஏறி எறங்குறதை விட எந்த ஒசரத்துல தூங்குறோம்ங்கிறதுதான் கணக்கு. கோயில்ல கொட்டுற 108 தண்ணித் தாரையிலயும் தலைய நனைக்கணும்னு ஓடாதீங்க, ஐஸ் தண்ணி, மூச்சு வாங்கும், தலையில தெளிச்சுக்கிட்டா போதும். இன்சுலின் போடுறீங்கன்னா அதை உள்சட்டைக்குள்ள ஒடம்புச் சூட்டுல வச்சுக்கங்க, ஒறஞ்சு போச்சுன்னா வேலை செய்யாது. அய்யாவோட பிரஷர் மாத்திரை என்னென்னன்னு உங்க டாக்டர்கிட்ட இந்த ஒசரத்தைச் சொல்லியே கேளுங்க.

#11 கானாடுகாத்தான்ஆச்சி

நல்லாயிருப்பீக டாக்டர் தம்பி. அவுககிட்ட வாசிச்சுக் காட்டிட்டேன். எங்க டிராவல்ஸ்காரவுகளுக்கு ஃபோன் போட்டு ஜோம்சோம்ல ரெண்டு ராத்திரி வேணும்னு கேட்டேன், ஆளுக்கு கொஞ்சம் கூட ஆகும்னாக, ஆகட்டும்னுட்டேன். தலைவலின்னா ஒருத்தருக்கொருத்தர் மறைக்கக்கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். அவுக மொதல்ல சிரிச்சாக, அப்புறம் உங்க அப்பச்சி கையை அமுத்துன எடத்த ரெண்டாந்தடவ வாசிக்கச் சொன்னாக.

#12 பாதயாத்திரை_சாமி

பேரனுக்கு நன்றி. எனக்கு அந்தச் சரித்திரம் தெரியும், ஆனா இப்படிப் பாத்ததில்ல. தேவகோட்டைத் தம்பி, என் எழுத்து உங்களைப் புண்படுத்தியிருந்தா மன்னிக்கணும். 2016ல எங்க குரூப்புலயும் ஒரு அம்மா பரிக்கிரமா வழியில டிராபுக்ங்கிற எடத்துலேர்ந்து திரும்புனாங்க, நாங்க யாரும் அவங்க கூட ஒரு வார்த்தை பேசல. அடுத்த வருஷம் எங்க ஊர்லேர்ந்து ஒரு குழு போறாங்க, தக்லாகோட்டுல ரெண்டு ராத்திரிங்கிறதை எழுத்துல வாங்கிட்டுத்தான் பணம் கட்டணும்னு சொல்லிட்டேன். கற்பூரமும் எடுத்துட்டுப் போவோம், ஏரிக்கரையில தீபாராதனை காட்ட.

#13 தேவகோட்டைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி பேரன் எழுதுனதை ஃபோன்ல பெரிய எழுத்தா வச்சு அப்பச்சிகிட்ட குடுத்தேன். கண்ணாடியப் போட்டுகிட்டு மெதுவா படிச்சாக. படிச்சு முடிச்சு ஒண்ணும் சொல்லல, ஃபோனைத் திருப்பிக் குடுத்துட்டுப் படுக்கப் போயிட்டாக. எனக்கு ஏன்டா குடுத்தோம்னு ஆயிருச்சு.

காலையில காப்பி குடிக்கையில ஆடி அமாவாசை என்னைக்கு வருதுன்னு கேலண்டரைப் பாத்துச் சொல்லுன்னாக. சொன்னேன். புதுக்கோட்டை தஞ்சாவூர் வழியா போனா எத்தனை மணி நேரம் ஆகும், முந்தின நாளே போய்த் தங்க எடம் கெடைக்குமான்னு கேட்டாக. ஆத்தாவும் வரட்டும்னாக.

வண்டி சொல்லியாச்சு. யாராச்சும் திருவையாத்துல அன்னைக்கு இருந்தா சொல்லுங்க, பாக்கலாம். அந்த நர்ஸ் அக்கா நம்பர் என்கிட்ட பழைய ஃபோனோட போயிருச்சு, சிவகங்கைப் பக்கம், 2019 ஆனியில மானசரோவர் வந்தவங்க, யாருக்காச்சும் தெரிஞ்சா தனி மெசேஜ்ல எழுதுங்க, அப்பச்சி அவங்களையும் கூட்டிட்டுப் போகணும்னு சொல்றாக.